குளத்தில் இறங்குமுன் குளிக்கவும்

இன்னும் ஒரு தடவை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் என்ன. ஏற்கெனவே போய்விட்டு வந்தாயிற்று, அதற்கு முன்பும் போய்விட்டு வந்தாயிற்று, கடைசியாகப் போனபோது ஒரு சொட்டுகூட வரவில்லை, வராததுதான் பயமாக இருக்கிறது, வராதது எங்கே போயிருக்கும், உள்ளேதானே இருக்கும், நான் தண்ணீரில் இறங்குகிற வரைக்கும் காத்துக்கொண்டு. காலையிலிருந்து காப்பி குடிக்கவில்லை, மாத்திரையைக்கூடத் தண்ணீர் இல்லாமல் எச்சிலில் விழுங்கினேன், அது நெஞ்சிலேயே நிற்கிறது. ஷவர் தண்ணீர் ரப்பர் தொப்பியின் மேல் விழுந்து தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி காதுக்குள் இரைகிறது. தாலிக் கயிற்றைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்துக்குக் கீழே தேய்க்கிறேன். நேற்று ஆடிப் பதினெட்டு, கயிறு மாற்றினேன், குண்டு மஞ்சளை இழைத்து நூல் தெரியாமல் பூசினேன், சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துபோகும், மாற்றிய மறுநாளே சிவந்தால் மனசு என்னென்னவோ நினைக்கும், என் மனசுக்கு நினைக்கச் சொல்லியா தர வேண்டும். சங்கிலியில் கோத்திருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. குளோரின் பட்டால் தங்கம் மங்கிவிடும் என்று யாரோ சொல்ல, சங்கிலியை பீரோவில் வைத்துவிட்டுக் கயிற்றுக்கு மாறினேன். எதற்காவது பயந்து ஒன்றைச் செய்தால் அது வேறொரு பயத்தைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது. வாயெல்லாம் மஞ்சள் கசப்பு. "தையல்நாயகியக்கா, உள்ள என்ன நலுங்கா வைக்கிறீங்க? வெளிய வரிசை நிக்குது!" சகாயமேரிதான், ஷவர் அறையைக் கழுவி, வருகிறவர்களைச் சோதித்து உள்ளே விடுகிறவள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் கயிறு விழுந்துவிடும். ம், ம் என்கிறேன். நல்லவேளை பிளாஸ்டிக் திரை இருக்கிறது. திரையில் மீன் படம். அந்த மீனுக்கு என்ன, அதன் தண்ணீரில் யார் போய்ப் பார்க்கிறார்கள்.

வெளியே நீச்சல் குளத்துச் சுவரில் பலகை இருக்கிறது. எட்டாவதோடு நின்ற படிப்பு அந்தப் பலகையை எழுத்துக்கூட்டாமல் படிக்கவாவது உதவியது, படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கவும். தலையில் எண்ணெயுடன் இறங்கக் கூடாது. தொப்பி கட்டாயம். குளத்துக்குள் துப்புவதோ மூக்குச் சிந்துவதோ கூடாது. கடைசி வரி மட்டும் சிவப்பில், குளத்தில் சிறுநீர் கழிப்பவர்கள் உடனே வெளியேற்றப்படுவார்கள். கழிப்பவர்கள். கழிப்பது வேறு, கசிவது வேறு என்று யாரிடம் போய்ச் சொல்வது, பலகை எழுதியவருக்கு அது தெரியுமா, தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு சிவப்பு வரி போட்டிருப்பார். பெண்கள் நேரத்துக்கு முதல் நாள் வந்தபோது இந்திராணி இந்தப் பலகையைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "குளிக்க வந்தவள எதுக்குக் குளிச்சிட்டு வரச் சொல்றாங்க? ஓட்டல்ல போயி, சாப்புட்டுட்டு வந்து சாப்புடுன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு." காய்கறி மண்டியில் கடை வைத்திருக்கிறவள், குரலும் மண்டிக் குரல், எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்கக் கூடாது. பேசாமல் உள்ளே போய்த் தேய்த்தேன், நுரை வழிய வழிய, அக்குள், இடுக்கு, கால் விரல் சந்து, வெளியே வந்தபோது சகாயமேரி பின்கழுத்தைத் தடவி எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள், பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னாள். "இந்தக்காவப் பாத்துக் கத்துக்கங்க. இதுல்ல சுத்தம்." அன்றிலிருந்து நான்தான் எடுத்துக்காட்டு. புதிதாக யார் வந்தாலும் என்னைத்தான் காட்டுகிறாள். போன வாரம் ஒரு பெண் முதுகில் சோப்பு நுரையோடு வர, நானே அவளைத் திருப்பி அனுப்பினேன், நல்லா அலசிட்டு வாம்மா என்றேன், எந்த வாயால் சொன்னேன், இந்த வாயால்தான்.

இந்திராணி என்னைப் பார்த்தாளா. அதுதான் தெரிய வேண்டும். சற்று முன் உடை மாற்றுகிற இடத்தில், தொப்பிக்குள் கொண்டையைத் திணித்துக்கொண்டே சொன்னாள். "சேதி தெரியுமாக்கா? இன்னிலேர்ந்து தண்ணில என்னமோ மருந்து கலக்குறாங்களாம். உள்ள எவளாச்சும் ஒண்ணுக்குப் போனான்னு வைங்க, அவளச் சுத்தி நீலமாப் பூத்துருமாம். சொட்டு நீலம் கரைச்ச பக்கெட்டு மாதிரி." யாரு சொன்னா என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, வந்ததா. "எல்லாரும்தான் சொல்றாங்க. இனிமே தெரிஞ்சிரும் பாருங்க, யாரு யாரு எப்புடின்னு." அப்போது அவள் கண் என் பக்கம் இருந்ததா, கண்ணாடிப் பக்கம் இருந்ததா. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்திருக்கலாம். யாரு யாரு எப்புடின்னு என்றாள், ஒரு ஆளாக இருந்தால் யாருன்னு என்றுதானே சொல்லியிருப்பாள், இரண்டு தடவை யாரு என்றாள், அப்படியானால் பொதுவாகச் சொல்லியிருக்கிறாள். பொதுவாகச் சொல்வதுபோலச் சொல்வதுதானே சாடை. என் மருமகளும் பொதுவாகத்தான் சொன்னாள்.

நல்ல பெண் சுகன்யா, குரல் உயர்த்திப் பேசினதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம் கூடத்தில் நின்று மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள், மின்விசிறியைப் போட்டாள், ஜன்னலைத் திறந்தாள். "அத்தை, ஏதோ வாடை வருதே. எலி எதுவும் செத்துக் கிடக்குதா பாருங்களேன்." நான் சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். மகன் சோபாவை இழுத்தான், அலமாரியை நகர்த்தினான், நான் முட்டி வலியோடு குனிந்து டார்ச் அடித்துத் தேடினேன். எலி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன், ஒரு எலி கிடைத்துவிடக் கூடாதா, காய்ந்துபோன ஒரு குட்டி எலி, உனக்குப் பொங்கல் வைக்கிறேன் மாரியம்மா என்று வேண்டிக்கொண்டு துழாவினேன். கிடைக்கவில்லை. அவள் ஊதுவத்தி ஏற்றினாள். மறுநாளிலிருந்து நான் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிவிட்டேன், முதுகுக்கு அதுதான் நல்லது என்று சொல்லிக்கொண்டேன், நாற்காலியைக் கழுவிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அர்த்தம் என்ன. என் வீட்டுக்காரரும் கேட்டதில்லை, அவராகவே கட்டிலை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டார், காற்று வேண்டும் என்றார். காற்று யாருக்குத்தான் வேண்டாம். இந்தக் கசிவு சின்னவன் பிறந்த பிறகு தொடங்கியது, முதலில் தும்மினால் மட்டும், பிறகு இருமினால், பிறகு குடத்தைத் தூக்கினால், இப்போது சிரித்தால். கல்யாண வீட்டில் யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து பந்தியைப் பார்க்கப் போய்விடுவேன். சிடுமூஞ்சி என்று பெயர். முட்டிக்குப் பார்த்த டாக்டர், வேற எதுவும் தொந்தரவு இருக்காம்மா என்று கேட்டார். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். இல்லைங்க என்றேன். தண்ணீருக்குள் நடங்க, முட்டிக்கு நல்லது என்று எழுதிக் கொடுத்தார்.

எதற்காக எழுதினாரோ, முதல் நாள் மார் வரைக்கும் தண்ணீரில் நின்றபோது முட்டியை மறந்தே போனேன். என்னிடம் வாடை இல்லை. இருந்தாலும் யாருக்கும் எட்டாது. எல்லோர் மேலும் ஒரே குளோரின் மணம், டாக்டர் பெண்டாட்டி மேலும் அதுதான், மண்டிக்காரி மேலும் அதுதான், என் மேலும் அதுதான். கரையேறும்போது எல்லோருக்கும் உடை சொட்டுகிறது, என் உடை மட்டும் ஈரம் என்று இல்லை. எப்போதும் இடுக்கியபடியே இருக்கிற தொடைகளை அங்கேதான் விட்டேன், வயிற்றை விட்டேன், பல்லைக் கடிப்பதை விட்டேன். ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அடுத்த நாள் அந்த ஒரு மணி நேரம் வரும் என்று தூக்கம் வருகிறது. ஆனால் விட்டுவிட்டேன் என்றால், எதையெல்லாம் விட்டேன். இத்தனை நாள் இதை நினைக்காமலே இருந்திருக்கிறேன். பத்திரமாகப் பிடித்துக்கொள்ளாமல் நடந்திருக்கிறேனே, அப்போது கசிந்ததா, தண்ணீருக்குள் எப்படித் தெரியும், தெரியாது என்பதுதானே அதன் சுகம். இந்திராணி முங்கி எழுந்து வாயில் தண்ணீரைப் பீய்ச்சுவாள். என் பக்கத்தில்தான் பீய்ச்சுவாள். ஐயோ. இத்தனை சோப்பும் இத்தனை தேய்ப்பும் எதற்கு, வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு உள்ளே சாக்கடையை வைத்திருப்பவள் மாதிரி. திரும்பிப் போய்விடலாமா. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். மருந்து கலக்கிய அன்றைக்கு மட்டும் தையல்நாயகிக்குத் தலை சுற்றியது என்பார்கள். நாளைக்கும் வராமல் இருந்தால், அதற்கப்புறமும் வராமல் இருந்தால். இறங்கினால் நீலம். இறங்காவிட்டாலும் நீலம்தான், தண்ணீரில் இல்லை, அவர்கள் வாயில். பிளாஸ்டிக் நாற்காலி, ஊதுவத்தி, பிளாஸ்டிக் நாற்காலி, ஊதுவத்தி, சாகிற வரைக்கும். "அக்கா, ஆச்சா? ஜெனிபர் மிஸ் கூப்புடுறாங்க!" கரையில் விசிலோடு நின்று பயிற்சி கொடுக்கிறவள். குழாயை மூடுகிறேன். மூடினதும் எவ்வளவு அமைதி, அந்த அமைதியில் எனக்கு உடனே முட்டுகிற மாதிரி இருக்கிறது.

கயிற்றை வாயிலிருந்து எடுத்து உடைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சகாயமேரி பின்கழுத்தைத் தடவினாள், போங்க என்றாள். பாதம் நனைக்கிற தொட்டியில் நின்று எல்லோரும் ஒரு மிதி மிதித்துவிட்டுப் போவார்கள், நான் நின்றேன், மருந்துத் தண்ணீர் பித்தவெடிப்பில் எரிந்தது, எரியட்டும் என்று நின்றேன். குளம் வழக்கம்போலத்தான் இருந்தது. நீலமாகத்தான் இருந்தது, அடியில் பதித்த ஓடு நீலம், ஏற்கெனவே நீலமான தண்ணீரில் இன்னொரு நீலம் எப்படித் தெரியும் என்று ஒரு ஆறுதல் வந்தது, வந்த வேகத்தில் போனது, தெரிகிற மாதிரிதானே கலக்கியிருப்பார்கள், படித்தவர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கணுக்கால் குளிர்ந்தது, தொடை குளிர்ந்தது, அங்கே குளிர்ந்தபோது மூச்சை அடக்கினேன், இடுக்கினேன், கழுத்து நரம்பு வரைக்கும் இடுக்கினேன். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். மார்வரை நின்று, நடந்தேன். ஒரு அடி வைத்துக் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு அடி. ஒன்றும் இல்லை. தொலைவில் இந்திராணி முங்கினாள், எழுந்தாள், வாயில் இருந்ததைப் பீய்ச்சினாள். குளத்தின் நடுப்பக்கம் வந்திருப்பேன், திரும்பவும் குனிந்து பார்த்தேன். என்னைச் சுற்றிப் புகை மாதிரி ஏதோ இருந்தது. அசைந்தது. நான் நின்றேன், அதுவும் நின்று, பிறகு மெல்லப் பரவியது, நீலம் இல்லை, மஞ்சள். மஞ்சள். இந்திராணிக்கு நிறம் தப்பாகத் தெரிந்திருக்கிறது, மருந்து நீலமாகக் காட்டாது, உள்ளதை உள்ள நிறத்திலேயே காட்டும், இதோ காட்டுகிறது. கையால் கலைத்தேன். கலைக்கக் கலைக்க விரிந்தது. இடுக்கிக்கொண்டுதானே இருக்கிறேன், இத்தனை இடுக்கியும் இவ்வளவு வருகிறது என்றால் இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கும், எலி செத்த வாடை எவ்வளவு வீசியிருக்கும், எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பேசியிருப்பார்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்து அப்படியே அடியோடு போய்விட்டால். விசில் அடித்தது.

ஜெனிபர் மிஸ் விசில் அடித்தால் எல்லோரும் நிற்க வேண்டும். நின்றார்கள். எல்லா ரப்பர் தொப்பிகளும் என் பக்கம் திரும்பின. "அக்கா, நகராதீங்க. அங்கயே நில்லுங்க." நின்றேன். வெளியேற்றப்படுவார்கள் என்று சிவப்பில் எழுதியிருக்கிறது, எப்படி வெளியேற்றுவார்கள், கையைப் பிடித்தா, இந்த ஊரில் எத்தனை தெரு தள்ளி எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மகனுடைய கடைக்குச் சேதி எப்போது போகும். மிஸ் கரையோரமாக நடந்து வந்து, குந்தி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். "கயிறு புதுசாக்கா?" எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "தாலிக் கயிறுக்கா. நேத்து மாத்துனீங்களா?" குனிந்தேன். கயிறு உடையிலிருந்து வெளியே வந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது, அதிலிருந்துதான், அதன் ஒவ்வொரு முறுக்கிலிருந்தும் மஞ்சள் இழை இழையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. மிஸ் எழுந்து கத்தினாள். "பதினெட்டுக்குக் கயிறு மாத்துனவங்க எல்லாம் கையத் தூக்குங்க!" ஒரு கை, அப்புறம் ஒரு கை, அப்புறம் இந்திராணியின் வளையல் கழற்றாத கை. "சகாயம்! தலைல எண்ணெய் பாக்கத் தெரியுது, கழுத்துல மஞ்ச பாக்கத் தெரியலையா?" "ஏன் மிஸ், தாலிய அவுத்து வச்சிட்டுப் போங்கன்னு நான் சொல்ல முடியுமா? அப்புறம் அவங்க வீட்டுக்காரரு என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு!" இந்திராணி தண்ணீரை அறைந்து சிரித்தாள். "நான் என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன்க்கா! உங்க மொகத்தப் பாக்கணுமே, பேயறைஞ்ச மாதிரி!" குளம் முழுக்கச் சிரிப்பு. "அந்த நீல மருந்து என்னாச்சு மிஸ்?" என்று யாரோ கேட்டார்கள். "எந்த மருந்து? அப்படி ஒண்ணும் இங்க கலக்கல, யாரு கட்டிவிட்ட கதை?" மறுபடியும் சிரிப்பு, அது என் அடிவயிற்றிலிருந்து வந்தது, என்னுடைய சிரிப்பு, எனக்கே அடையாளம் தெரியவில்லை, எத்தனை காலம் ஆயிற்று, நிறுத்த முடியவில்லை, கண்ணில் நீர் வந்தது, அப்போது குளிர்ந்த தண்ணீருக்குள் தொடை இடுக்கில் வெதுவெதுவென்று ஒன்று இறங்கியது.

தெரிந்தது. இந்தமுறை நன்றாகத் தெரிந்தது. யாருக்கும் தெரியவில்லை. நீலம் இல்லை, ஒன்றும் இல்லை, தாலியின் மஞ்சள் என்னைச் சுற்றித் திரைபோட்டு நின்றது. தப்பித்தேன் என்று ஒரு நொடி நினைத்தேன், அடுத்த நொடி இந்திராணி என் பக்கத்தில் வந்து, சிரித்த வாயோடு, முங்கினாள். கயிறு மாற்றியவர்கள் எல்லாம் மேலே ஏறி மறுபடி குளித்துவிட்டு வர வேண்டும் என்றாள் மிஸ். நான்தான் முதலில் ஏறினேன். அதே ஷவர், அதே மீன். சகாயமேரி சோப்போடு திரைக்குள் வந்துவிட்டாள், காட்டுங்கக்கா, நான் கசக்கி விடுறேன், திட்டு வாங்குனது நானு என்று கயிற்றைப் பிடித்து இழுத்துத் தேய்த்தாள். நான் பயந்தபடியே சிவந்தது. ரத்தம் மாதிரி நுரை ஓடியது, நினைத்த அளவுக்குப் பயமாக இல்லை. அவள் முகம் என் கழுத்துக்குப் பக்கத்தில், இவ்வளவு பக்கத்தில் ஒருவர் முகம் வந்து எத்தனையோ காலம், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பிறகு விட்டேன், விட்டபோது கூடவே அந்தக் கேள்வியும் வந்துவிட்டது. "சகாயம், என் மேல வாடை வருதா?" கேட்டுவிட்டேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என்னைப் போயிக் கேக்குறீங்களே. பிளீச்சிங் பவுடர்ல எனக்கு மூக்கு செத்தே போச்சுக்கா. வீட்ல கருவாடு தீஞ்சாக்கூடத் தெரியாது." அப்பாடா என்று இருந்தது, ஐயோ என்றும் இருந்தது. அதற்குள் அவள் திரையை விலக்கி வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "இந்திராணியக்கா, இங்க வாங்க! இவங்க மேல ஏதும் வாடை வருதான்னு பாத்துச் சொல்லுங்க!" கத்திவிட்டு அடுத்த கயிற்றைக் கசக்கப் போய்விட்டாள். ஓட இடம் இல்லை, மூன்று பக்கம் சுவர். வாடையை அடித்துக்கொண்டு போகட்டும் என்று குழாயை இன்னும் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. இந்திராணி ஈரத் தலையோடு உள்ளே நுழைந்து, கண்ணைச் சிமிட்டி, என் தோளில் மூக்கை வைத்துப் பட்டென்று எடுத்தாள். "கமகமன்னு மஞ்ச வாசம்க்கா. கல்யாணப் பொண்ணு தோத்துப்போவா." சிரித்தாள். நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், எப்போதும் அப்படித்தான், பந்தியைப் பார்க்கப் போய்விடலாம். அவள் இமையில் குளத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அது மேல் வாசம் இந்திராணி," என்றேன். "சரியாப் பாத்துச் சொல்லு." என்னைப் பார்த்தாள். இந்தமுறை கண்ணாடி எதுவும் நடுவில் இல்லை. சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. திரையை நன்றாக இழுத்து மூடினாள், கையை நீட்டி, எனக்கு மேலே கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினாள்.